வாசகர் கேள்வி – பதில்: துறையைத் தன் வயிற்றில் சுமக்கும் கப்பல்

கேள்வி: 2020 ஜூலையில் என் தம்பி ஈரானிலிருந்து இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பலில் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அந்தக் கப்பலின் வயிற்றுக்குள் கடல்நீரைப் புகவிடுவார்கள் என்று மாலுமிகள் சொன்னார்களாம். கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தால் அது மூழ்கிவிடாதா?

– வாசகி, தூத்துக்குடி

பதில்: மாலுமிகள் சொன்னது உண்மைதான். ஜலாஷ்வாவின் பின்பாதியில், கப்பலின் உடலுக்குள்ளேயே நீண்ட கூடம் ஒன்று இருக்கிறது. அதன் கடைசிச் சுவர் உண்மையில் கீழ்நோக்கித் திறக்கும் ஒரு பெரிய இரும்புக் கதவு. படகுகளை வெளியே அனுப்ப வேண்டிய நேரத்தில், கப்பலின் அடிப்பகுதியில் உள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்புவார்கள். பின்பக்கம் மெல்லத் தாழும். கதவைத் திறந்ததும் கடல் உள்ளே வரும். கூடத்தின் தரையில் நின்றிருந்த தரையிறக்குப் படகுகள் நின்ற இடத்திலேயே மிதக்கத் தொடங்கும். பீரங்கி வண்டிகளையும் வீரர்களையும் ஏற்றிக்கொண்ட அந்தப் படகுகள் கதவு வழியே பின்னோக்கி வெளியேறிக் கரையை நோக்கிச் செல்லும். வேலை முடிந்ததும் தொட்டிகளிலுள்ள நீரை வெளியேற்ற, கப்பல் நிமிர்ந்துவிடும், கூடம் வடிந்துவிடும். தண்ணீர் புகும் இடமும் அளவும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டவை. மற்ற அறைகளுக்கு அது செல்ல வழியில்லை. ஆகவே மூழ்கும் அச்சம் வேண்டாம்.

துறைமுகமே இல்லாத கரையில் கனரக வண்டிகளை இறக்குவது எப்படி என்ற கேள்வி இரண்டாம் உலகப் போரில் எழுந்தது. துறைமுகத்தைத் தேடிப் போவதற்குப் பதில் துறையையே கப்பலுக்குள் வைத்துக் கொண்டுபோகலாம் என்ற யோசனை முதலில் பிரிட்டனில் உருவாகி, அமெரிக்காவில் வடிவம் பெற்றது. இந்த வகையின் முதல் அமெரிக்கக் கப்பலான ஆஷ்லண்ட் 1943-இல் பணியில் சேர்ந்தது.

கேள்வி: எல்.எஸ்.டி., எல்.பி.டி. என்று இரு பெயர்களைப் படிக்கிறேன். இரண்டும் ஒன்றா?

– வாசகர், மதுரை

பதில்: நெருங்கிய உறவுடைய இரு வகைகள். எல்.எஸ்.டி. என்பது ‘லேண்டிங் ஷிப் டாக்’, எல்.பி.டி. என்பது ‘லேண்டிங் பிளாட்ஃபார்ம் டாக்’; இரண்டுமே முன்பதிலில் சொன்ன படகுக்கூடத்தை வயிற்றில் கொண்ட கப்பல்கள். எல்.எஸ்.டி.யில் படகுக்கூடமே முதன்மை. எல்.பி.டி.யில் கூடத்தைச் சற்றுச் சுருக்கி, அந்த இடத்தை வீரர்களுக்கும் சரக்குக்கும் ஹெலிகாப்டர் தளத்துக்கும் பகிர்ந்து கொடுத்திருப்பார்கள். ஜலாஷ்வா எல்.பி.டி. வகையைச் சேர்ந்தது. 2019 நவம்பரில் விசாகப்பட்டினம், காக்கிநாடா கடற்பகுதியில் நடந்த ‘டைகர் டிரையம்ஃப்’ கூட்டுப் பயிற்சியில் அமெரிக்காவின் எல்.எஸ்.டி. கப்பலான ஜெர்மன்டவுனும் ஜலாஷ்வாவும் சேர்ந்தே ஈடுபட்டன. இரு வகைகளின் வேறுபாட்டைக் கண்ணால் காண்பதற்கு அதைவிட நல்ல தருணம் அமைந்திருக்காது.

கேள்வி: ஜலாஷ்வா அமெரிக்காவிடமிருந்து வாங்கிய பழைய கப்பல் என்கிறார்கள். நம்மிடம் வருவதற்கு முன் அது என்ன செய்துகொண்டிருந்தது?

– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அதன் பழைய பெயர் டிரென்டன். சியாட்டில் நகரில் கட்டப்பட்டு, 1968-இல் நீரில் இறக்கப்பட்டு, 1971 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. ஆஸ்டின் வகை என்று அழைக்கப்படும் பன்னிரண்டு கப்பல்களில் ஒன்று. நீளம் ஏறத்தாழ 173 மீட்டர். முழுச் சுமையுடன் எடை 16,500 டன்னுக்கும் மேல். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டுக் கொடியின் கீழ் ஓடியது.

போர் நடவடிக்கை என்று பார்த்தால், 1988 ஏப்ரல் 18-ஐச் சொல்ல வேண்டும். அதற்கு நான்கு நாள்கள் முன்பு பாரசீக வளைகுடாவில் சாமுவேல் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் கண்ணிவெடியில் சிக்கிச் சேதமடைந்திருந்தது. அதற்குப் பதிலடியாக ஈரானின் சாசான் எண்ணெய் மேடையைத் தாக்கிய கப்பல் அணியில் டிரென்டனும் இருந்தது. அதில் தங்கியிருந்த கடற்படைத் தரைவீரர்கள்தாம் ஹெலிகாப்டரிலிருந்து கயிறு வழியே அந்த மேடையில் இறங்கினார்கள்.

ஆனால் என் மனத்தில் நிற்பது 1991 ஜனவரி. சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள் பல நாட்டவர் அடைக்கலம் புகுந்திருந்தனர். குவைத் போர் எந்நேரமும் தொடங்கலாம் என்றிருந்த நேரம் அது. குவாம், டிரென்டன் ஆகிய இரு கப்பல்களும் ஓமன் பக்கத்திலிருந்து தெற்கு நோக்கி விரட்டப்பட்டன. அவை கரையை நெருங்கும்வரை தூதரகம் தாங்காது என்று தெரிந்ததும், ஜனவரி 5-ஆம் நாள் விடிவதற்கு முன்பே, கரைக்கு இன்னும் 466 கடல் மைல் இருக்கும்போது, டிரென்டனின் தளத்திலிருந்து இரண்டு பெரிய ஹெலிகாப்டர்கள் கிளம்பின. இருட்டில், நடுவானிலேயே விமானத்திலிருந்து எரிபொருள் பெற்றுக்கொண்டு பறந்தார்கள். வழியில் ஒன்றில் எரிபொருள் குழாய் வெடித்து உள்ளே இருந்தவர்கள் மேலெல்லாம் எரிபொருள் தெறித்தது. போதாக்குறைக்கு, அவர்களிடம் இருந்த பழைய வரைபடத்தில் தூதரகம் முன்பு இருந்த இடமே குறிக்கப்பட்டிருந்தது. தேடிக் கண்டுபிடித்து இறங்கி, அறுபது வீரர்களைக் காவலுக்கு விட்டுவிட்டு, முதல் தொகுதி மக்களை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். மீதிப் பேரைப் பின்னர் குவாமின் ஹெலிகாப்டர்கள் அழைத்து வந்தன. மொத்தம் முப்பது நாடுகளைச் சேர்ந்த 281 பேர் காப்பாற்றப்பட்டனர்.

2006 ஜூலையில் லெபனான் போரின்போது பெய்ரூத்திலிருந்து அமெரிக்கக் குடிமக்களை ஏற்றி வந்த கப்பல்களிலும் டிரென்டன் இருந்தது.

கேள்வி: ஓய்வு பெறும் வயதில் உள்ள கப்பலை விலை கொடுத்து வாங்கியது சரியா?

– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது நம் கடற்படை தமிழகக் கரைக்கும் அந்தமானுக்கும் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல்களை அனுப்பியது. துறைமுகம் சிதைந்த கரையில் மருந்தையும் வண்டிகளையும் பெருமளவில் இறக்கக்கூடிய பெரிய கப்பல் நம்மிடம் இல்லை என்பது அப்போது வெளிப்படையாகத் தெரிந்தது. புதிதாகக் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். டிரென்டன் ஏறத்தாழ 4.8 கோடி டாலருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரி 17 அன்று வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டு, அதே ஆண்டில் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தது.

குறைகளும் இருந்தன, அவற்றை மறைப்பது நியாயமாகாது. கப்பலின் நிலையைச் சரியாக மதிப்பிடாமல் வாங்கியதாகவும், தாக்குதல் பணியில் பயன்படுத்தக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாகவும் 2008-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கண்டித்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் கப்பலுக்குள் நச்சுவாயு கசிந்து ஆறு பேர் உயிரிழந்தனர். அந்த ஆறு குடும்பங்களின் இழப்பை எந்தக் கணக்காலும் நேர்செய்ய முடியாது. இவ்வளவையும் வைத்துப் பார்த்த பிறகும், வாங்கியது சரி என்பதே என் கருத்து. வாங்குமுன் செய்திருக்க வேண்டிய பரிசோதனையைச் செய்யாததே தவறு.

கேள்வி: ஜலாஷ்வா என்றால் என்ன பொருள்?

– மாணவி, திருச்சி

பதில்: ஜலம், அஸ்வம் என்ற இரு வடசொற்களின் சேர்க்கை, நீர்க்குதிரை என்று பொருள். வடமொழி குதிரையாகக் கண்ட அந்த விலங்கைத் தமிழ் நீர்யானை என்கிறது. இந்தக் கப்பலின் உடலமைப்பைப் பார்த்தால் தமிழ்ப் பெயரே கூடுதலாகப் பொருந்துகிறது!

கேள்வி: கொரோனா காலத்தில் எத்தனை பேரை இக்கப்பல் அழைத்து வந்தது? அதற்குப் பிறகு என்ன ஆயிற்று?

– வாசகர், கன்னியாகுமரி

பதில்: 2020 மே 10 அன்று மாலத்தீவின் மாலேயிலிருந்து 698 பேருடன் கொச்சி வந்தது, அவர்களில் பத்தொன்பது கர்ப்பிணிப் பெண்களும் இருந்தனர். ஒரு வாரம் கழித்து மறுபடியும் மாலே சென்று 588 பேரைக் கொச்சியில் சேர்த்தது. ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஒரு முறையும் மாலேயிலிருந்து ஒரு முறையும், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ எழுநூறு பேருடன், தூத்துக்குடி வந்தது. ஜூலை 1 அன்று ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியது. அவர்களில் பெரும்பாலோர் நம் மீனவர்கள். ‘சமுத்திர சேது’ என்ற அந்த நடவடிக்கையில் நான்கு கப்பல்கள் சேர்ந்து 3,992 பேரை அழைத்து வந்தன; அவர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜலாஷ்வாவில் வந்தவர்கள். ஆயிரம் வீரர்களைப் படுக்க வைக்கும் இடவசதி கொண்ட கப்பல் என்பதால்தான், இடைவெளி விட்டுத் தங்க வேண்டிய அந்த நாள்களிலும் ஒரே பயணத்தில் இத்தனை பேரை ஏற்ற முடிந்தது.

மறு ஆண்டு மே மாதத்தில், மருத்துவமனைகளில் ஆக்சிஜனுக்கு மக்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, புரூனே, சிங்கப்பூர் பக்கம் சென்று ஆக்சிஜன் கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு விசாகப்பட்டினம் திரும்பியது இதே கப்பல்தான்.