ஹைப்போ தைராய்டை இயற்கையான சத்துப் பொருட்களை வைத்தே சரிசெய்ய முடியுமா?

கேட்டிருப்பது இது: "டி.எஸ்.எச். 9 வந்திருக்கிறது. மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார்கள். அதற்குப் பதிலாக இயற்கையான சத்து மாத்திரை ஏதாவது எடுக்கலாமா?"

தைராய்டு சுரப்பி போதுமான ஹார்மோன் செய்யாமல் போவதுதான் ஹைப்போ. டி.எஸ்.எச். என்பது அந்தச் சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளைப் பக்கமிருந்து வரும் ஹார்மோன். சுரப்பி சோர்ந்தால் இந்த எண் ஏறும். நானும் இதே கேள்வியோடு அலைந்தவள்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் எனக்கு டி.எஸ்.எச். 14 என்று வந்தது. குறைகிற ஹார்மோனுக்குப் பதிலாகப் போடும் தைராக்சின் மாத்திரையை 50 மைக்ரோகிராம் அளவில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் போட்டேன், உடம்பு தேறியது. தேறியதும் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. முப்பத்தாறு வயதிலேயே ஆயுசுக்கும் மாத்திரையா என்று அதை நிறுத்திவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று கடற்பாசி மாத்திரை வாங்கினேன். டப்பாவைத் திறந்தால் கருவாட்டுக் கடையைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு வாடை. 'முழுக்க முழுக்க இயற்கை' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

நாலாவது மாதம் குரல் கம்மிவிட்டது. காலையில் கண் இமை இரண்டும் வீங்கியிருக்கும். கல்யாண மோதிரம் விரலை விட்டு இறங்கவே மாட்டேன் என்றது, தேங்காய் எண்ணெய் தடவித்தான் கழற்றினேன். பரிசோதித்தால் டி.எஸ்.எச். 41.

ஏன் இப்படி ஆனது என்று பிறகுதான் புரிந்தது. எனக்கு இருப்பது ஹாஷிமோட்டோ. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தின்கிற வியாதி. ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் 1912ல் இதைப் பற்றி முதலில் எழுதினார். அயோடின் உப்பு புழங்குகிற ஊர்களில் ஹைப்போ வருவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம், அயோடின் குறைவு அல்ல. இந்த நிலையில் அயோடினைக் கொட்டினால் நல்லது நடப்பதற்குப் பதில் கெட்டது நடக்கும். அயோடின் திடீரென்று அதிகமானால் எந்தத் தைராய்டும் கொஞ்ச நாள் ஹார்மோன் செய்வதை நிறுத்திக்கொள்ளும். ஆரோக்கியமான சுரப்பி சில நாளில் பழையபடி வேலைக்கு வந்துவிடும். ஏற்கெனவே அடிபட்ட சுரப்பிக்கு அது முடிவதில்லை. நான் வாங்கிய கடற்பாசி மாத்திரையில் ஒன்றுக்கு 325 மைக்ரோகிராம் அயோடின். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150தான்.

அந்த 150 நம் உப்பிலேயே இருக்கிறது. கடைக்கு வரும் அயோடின் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. நாம் போடுகிற உப்புக் கணக்குக்கு, சமையலில் கொஞ்சம் போனாலும், மீன், முட்டை, பாலோடு சேர்த்து சரியாக வந்துவிடும். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. 'இயற்கை' என்று சொல்லி நிறைய வீடுகளில் பாக்கெட் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறிவிட்டார்கள். தனியாக அயோடின் சேர்க்காவிட்டால் இந்துப்பில் பேருக்குத்தான் அயோடின் உண்டு. சாதாரணக் கல்லுப்பும் அப்படித்தான். 2018-19ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் சரியான அளவு அயோடின் உள்ள உப்பு புழங்குவதில் தமிழ்நாடுதான் கடைசி வரிசையில் இருந்தது, இத்தனைக்கும் தூத்துக்குடி உப்பளம் நம்மிடம் இருக்கிறது. அதனால் முதல் வேலையாக வீட்டு உப்புப் பாக்கெட்டைத் திருப்பி 'அயோடின் கலந்தது' என்று இருக்கிறதா பாருங்கள். இதற்குச் செலவு இல்லை.

அடுத்து செலினியம். தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற வடிவில்தான் (தைராக்சின் என்பதும் இதுதான்) ஹார்மோனை வெளியே விடும், அதை டி3 என்ற வடிவத்துக்கு மாற்றித்தான் உடம்பு பயன்படுத்தும். அந்த மாற்றத்தைச் செய்கிற நொதிக்கு செலினியம் தேவை. இது உண்மை. ஹாஷிமோட்டோகாரர்கள் தினம் 200 மைக்ரோகிராம் எடுத்தால் ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) எண்ணிக்கை குறைவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எண்ணிக்கை குறைந்ததால் தைராக்சின் தேவையில்லாமல் போனது என்று காட்டவில்லை. நானும் ஆறு மாதம் எடுத்தேன். ஆன்டி டி.பி.ஓ. எண் கொஞ்சம் இறங்கியது, தைராக்சின் டோஸ் அப்படியே இருந்தது, பர்ஸ்தான் இளைத்தது. பிரேசில் நட் ஒன்றிலேயே ஒரு நாள் தேவைக்கு மேல் செலினியம் இருக்கும் என்பதால் முந்திரி மாதிரி கைநிறைய அள்ளிச் சாப்பிட வேண்டாம். செலினியம் மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும். நாம் எதற்காக ஆரம்பித்தோமோ அதுவே வந்து நிற்கும்.

எனக்கு உண்மையாகவே பலன் கொடுத்தது இரும்புச் சத்து. இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. தைராய்டு ஹார்மோன் செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும். உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் எனக்கு வெறும் 8தான் இருந்தது. படியேறினால் மூச்சு வாங்குவது, கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது எல்லாவற்றையும் தைராய்டின் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன், பாதி ரத்தசோகை. மூன்று நாலு மாதம் இரும்பு மாத்திரை எடுத்ததும் தெளிந்தது. பி12, வைட்டமின் டி இரண்டையும் கூடவே பார்த்துவிடுங்கள், நம்மில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவு சாதாரணம். இருக்கிற குறையை நிரப்பினால் பலன் உண்டு. குறையே இல்லாமல் மேலே மேலே ஊற்றினால் ஒன்றும் நடக்காது.

அமுக்கரா (அஸ்வகந்தா) பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். லேசான ஹைப்போ உள்ள 50 பேருக்கு 8 வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் டி.எஸ்.எச். இறங்கியது. அவ்வளவுதான். சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. எங்கள் ஊர்ச் சித்த வைத்தியரிடம் இதைக் கேட்கப் போனபோது அவர் முதலில் கேட்டது, "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டியா தாயி?" என்றுதான். ஆமாம் என்றதும் நன்றாக வைது, "அதை ஆரம்பிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பீஸும் வாங்கவில்லை.

இயற்கை என்றதும் இன்னொன்று. இந்த வியாதிக்கு முதன்முதலில் பலித்த மருந்தே இயற்கையானதுதான். 1891ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர் ஆட்டின் தைராய்டைப் பிழிந்தெடுத்த சாறை ஒரு பெண்மணிக்கு ஊசியாகப் போட்டார். 46 வயதில் வியாதி முற்றிப்போயிருந்தவர், 1919 வரை அந்தச் சாறிலேயே உயிரோடு இருந்தார். அதற்கு 870 ஆடுகளுக்கு மேல் ஆனதாம். அவருக்கு அந்தச் சாறு செய்த வேலையைத்தான் இன்று நம் சின்ன வெள்ளை மாத்திரை செய்கிறது. இது தெரிந்த பிறகு எனக்கு மாத்திரை மேல் இருந்த கோபம் போய்விட்டது.

இரண்டு எச்சரிக்கை. முடிக்காகப் போடும் பயோட்டின் மாத்திரை ரத்தப் பரிசோதனையையே ஏமாற்றும். ஒரு முறை எனக்கு டி.எஸ்.எச். 0.2 என்று வந்தது. டோஸைக் குறைக்க பேனாவை எடுத்த டாக்டர், ஏதோ தோன்றி, "முடிக்கு எதுவும் போடறீங்களா?" என்றார். 10 மில்லிகிராம் பயோட்டின் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பார்த்தால் 3.4. மருந்து, சத்து மாத்திரை எதுவானாலும் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

மற்றது நேரம். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஃபில்டர் காபியோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. நான் மாத்திரை பாட்டிலை பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைத்திருக்கிறேன். "டிகாஷன் ஆறிப்போகுது" என்று மாமியார் தினமும் குரல் கொடுப்பார், கொடுக்கட்டும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவருக்குப் பயப்பட வேண்டாம், வேகவைத்துப் பொரியலாகச் சாப்பிடுங்கள். பச்சையாக ஜூஸ் அடித்துத் தினமும் குடிப்பதுதான் வேண்டாம். கொத்தமல்லி விதைத் தண்ணீர் நான் ஒரு மாதம் குடித்தேன், தாகம் தீர்ந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 9 என்பது இரண்டுங்கெட்டான் எண். எஃப்.டி.4 (ரத்தத்தில் கட்டற்று இருக்கும் டி4 அளவு), ஆன்டி டி.பி.ஓ. இரண்டையும் பார்த்துவிட்டு, எஃப்.டி.4 சரியாக இருந்தால், டாக்டரே இரண்டு மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். சிலருக்கு அது தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. அந்த இடைவெளியில் ஃபெரிட்டின், பி12 பாருங்கள், வீட்டு உப்பு அயோடின் கலந்ததாக இல்லாவிட்டால் மாற்றுங்கள், கடற்பாசிப் பக்கம் போகாதீர்கள். ஆனால் நீங்கள் பெண்ணாக இருந்து, குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலோ ஏற்கெனவே நாள் தள்ளிப் போயிருந்தாலோ இந்தப் பொறுத்துப் பார்க்கிற கதையெல்லாம் கிடையாது, இந்த வாரமே போய் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.