பழைய ஒமாமோரியை எங்கே கொடுப்பது?

கேள்வி: யோகோஹாமாவில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு அடுத்த மாதம் ஊர் திரும்புகிறேன். அலமாரியைக் காலி செய்தபோது காமாகுரா ட்சுருகஓகா ஹாச்சிமான்கூவில் வாங்கிய ஒமாமோரி (சிறு துணிப்பைத் தாயத்து), டோக்கியோ அசாகுசா சென்சோஜியில் வாங்கிய இன்னொன்று, வீட்டுக்காரம்மா கொடுத்த இசே பெருங்கோயிலின் ஒஃபுதா (வீட்டில் வைக்கும் தாயத்து) மூன்றும் கிடைத்தன. எல்லாம் பழசு. குப்பையில் போட மனம் வரவில்லை.

பதில்: முதலில் சென்சோஜி தாயத்தைத் தனியே எடுத்து வையுங்கள். சென்சோஜி புத்த கோயில். மற்ற இரண்டும் ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷின்டோவைச் சேர்ந்தவை. ஷின்டோ கோயிலை ஜின்ஜா என்பார்கள். புத்த கோயிலில் வாங்கியதைப் புத்த கோயிலுக்கும், ஜின்ஜாவில் வாங்கியதை ஜின்ஜாவுக்கும் கொடுப்பதுதான் முறை. சென்சோஜியை ஒட்டியே அசாகுசா ஜின்ஜா இருப்பதால் பலர் குழம்பி இடம் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

ஒமாமோரியை வாங்கிய இடத்திலேயே திருப்பித் தருவது நல்லது. காமாகுரா உங்களுக்குப் பக்கம்தான், ரயிலில் அரை மணி நேரம். இசே ஒஃபுதாவுக்காக இசே வரை போக வேண்டாம். அது நாடு முழுக்க உள்ளூர் ஜின்ஜாக்கள் வழியாகவும் வழங்கப்படுகிறது. உங்கள் பகுதி ஜின்ஜாவிலேயே கொடுக்கலாம். பழையவற்றை வாங்கிக்கொள்ளும் இடம் பெரிய ஜின்ஜாக்களில் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் இருக்கும். சின்ன ஜின்ஜாக்கள் சிலவற்றில் புத்தாண்டை ஒட்டி மட்டுமே வைப்பார்கள். எனவே தாயத்து தரும் கவுன்டரில் கேட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். எல்லாம் பிறகு மந்திரம் சொல்லி எரிக்கப்படும். ஒதாகிஅகே என்பது அந்தச் சடங்கின் பெயர்.

எவ்வளவு பணம்? கட்டாயத் தொகை என்று பொதுவாகக் கிடையாது. தாயத்துக்குக் கொடுத்த அளவுக்குக் காணிக்கைப் பெட்டியில் போடுவது பலரின் வழக்கம். தாயத்துக்குத் தரும் தொகையை ஜின்ஜாக்களில் விலை என்றே சொல்வதில்லை. ஹட்ஸுஹோரியோ என்பார்கள், அதாவது அறுவடையின் முதல் கதிருக்கு ஈடான காணிக்கை.

நேரில் போக முடியாவிட்டால் தபாலில் ஏற்கும் ஜின்ஜாக்களும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். காணிக்கைப் பணத்தைச் சாதாரண உறையில் வைக்காதீர்கள். ஜப்பானில் ரொக்கத்தைக் கெங்கின் காகிதோமே என்ற பதிவுத் தபாலில் மட்டுமே அனுப்பலாம்.

அப்புறம், ஒரு வருடம் தாண்டிவிட்டதே என்ற பயம் வேண்டாம். ஆண்டுதோறும் மாற்றுவது வழக்கம்தான், காலாவதித் தேதி அல்ல. புதிதாக்கினால் சக்தி குன்றாது என்ற எண்ணம் ஷின்டோவில் ஆழமானது. இசேயில் கோயிலையே 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013, அடுத்து 2033. ஆனால் தேர்வுக்கோ பிரசவத்துக்கோ வாங்கியதை அந்தக் காரியம் முடிந்ததும் நன்றி சொல்லித் தரலாம். நினைவாக வைத்துக்கொள்ள ஆசையா, வைத்துக்கொள்ளுங்கள். பையை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

எங்கும் கொடுக்க வழியில்லை என்றால் வெள்ளைத் தாளில் வைத்து, சிட்டிகை உப்பு தூவி, மடித்து, மற்ற குப்பையோடு கலக்காமல் தனிப் பையில் எரியும் குப்பையில் போடுபவர்கள் உண்டு. எனக்கு அது கடைசி வழி. காமாகுரா அரை மணி நேரத்தில் இருக்கும்போது உங்களுக்கு அது தேவையே இல்லை.

புது ஒஃபுதா வாங்கி ஊருக்கு எடுத்துப் போவதானால், கண்மட்டத்துக்கு மேலே சுத்தமான இடத்தில், தெற்கையோ கிழக்கையோ பார்த்தபடி வையுங்கள்.