ஒரு பக்க மூக்கில் சதை, சிந்தினால் ரத்தம்: மருந்து வைத்து உதிர்க்கலாமா?

கேள்வி: சிவகங்கை பக்கம் விவசாயம் செய்கிறேன். வயது 41. ஒரு வருடமாக இடது மூக்கில் சதை வளர்ந்து அடைக்கிறது. சிந்தினால் ரத்தம் வருகிறது. ஆபரேஷன் இல்லாமல் மருந்து வைத்தே உதிர வைப்பதாக ஒருவர் எட்டாயிரம் கேட்கிறார். போகலாமா? புற்றுநோயாக இருக்குமோ என்றும் பயம்.

பதில்: போகாதீர்கள். 'மூலம், பௌத்திரம், மூக்குச்சதை' என்று ஒரே போர்டில் எழுதி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வைப்பது சதையை அரிக்கும் ஏதோ ஒரு திரவம். அது வெளியே தெரியும் நுனியைத்தான் கருக்கும். வேர் உள்ளேயே இருக்கும், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்தாலும் விழும்.

அலர்ஜியால் வரும் சாதாரணச் சதை அநேகமாக இரண்டு பக்கமும் வரும், வெளிறி இருக்கும், ரத்தம் கசியாது. உங்களுடையது ஒரு பக்கம் மட்டும், ரத்தத்தோடு. கண்மாயில் குளிப்பீர்களா என்று எழுதவில்லை; விவசாயி என்பதால் ஆம் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் எனக்கு முதலில் தோன்றுவது ரைனோஸ்போரிடியோசிஸ். உலகத்துக்கு அபூர்வம், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சகஜம். தேங்கிய நீரில் இருக்கும் கிருமியால் வருவது. எண்டோஸ்கோப்பில் (மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) ஸ்ட்ராபெரி பழம் போலச் சிவந்து, மேலே வெண்புள்ளிகளோடு தெரியும். இது புற்றுநோய் அல்ல, ஆளுக்கு ஆள் ஒட்டுவதும் இல்லை. ஆனால் புற்றும் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே ஆரம்பிக்கும். அதனால் பயாப்சி, அதாவது சதைத் துணுக்கை எடுத்து லேபில் பார்ப்பது, கட்டாயம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படிப்பவர் வீட்டில் பத்து முதல் இருபது வயதுப் பையனுக்கு மூக்கடைப்பும் ரத்தமும் இருந்தால், ஸ்கேன் எடுக்காமல் யாரையும் பயாப்சி எடுக்க விடாதீர்கள். அந்த வயதுப் பையன்களுக்கு ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டி வரலாம். அதைக் கிள்ளினால் கொட்டும் ரத்தத்தை க்ளினிக்கில் நிறுத்த முடியாது. மறுபடியும் சொல்கிறேன்: பையன் என்றால் முதலில் ஸ்கேன், அப்புறம்தான் மற்றது. உங்கள் வயதுக்கு இந்தக் கவலை இல்லை.

ஆபரேஷன் என்றால் பயப்பட வேண்டாம். மயக்கம் கொடுத்து, எண்டோஸ்கோப் வழியே சதையை அடியோடு எடுத்து, அது முளைத்த இடத்தைக் கரண்டில் சுட வேண்டும். இந்தச் சுடுதல்தான் முக்கியம். 'அடியைச் சுடுவீர்களா டாக்டர்?' என்று வாய்விட்டே கேளுங்கள். மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். வாசலில் நின்று 'நான் சொல்ற இடத்துல ஸ்கேன் எடுங்க' என்று கையைப் பிடிப்பவருக்கு அதில் கமிஷன் உண்டு.

எடுத்த சதை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் பாட்டிலில் லேபுக்குப் போனதா என்றும் கேளுங்கள். பல இடங்களில் சீட்டையும் பாட்டிலையும் நோயாளியின் உறவினர் கையில் திணித்து அனுப்புகிறார்கள். ரிப்போர்ட்டுக்கும் அவர்தான் நடையாய் நடக்கிறார். சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

நன்றாகச் செய்தாலும் திரும்ப முளைக்கலாம். அதைத் தடுக்க டாப்சோன் என்ற மாத்திரையைச் சில மாதங்கள் கொடுப்பார்கள். ரத்தப் பரிசோதனை செய்யாமல் அதைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள், ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். கண்மாய்க் குளியலை விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூக்கைக் காட்டுங்கள்.