தானியம் மிகுந்தால் மாட்டின் வயிற்றில் நடப்பது என்ன?

பால் கூடும், எடை ஏறும் என்று தானியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மாட்டின் செரிமானம் கெடுமா, கெடுமென்றால் எந்த அளவைத் தாண்டும்போது கெடும் என்று கேட்டிருக்கிறீர்கள். கெடும் என்பதில் ஐயமில்லை. அந்த அளவைக் கிலோக் கணக்கில் ஒரே எண்ணாகச் சொல்வது சரியாக இராது. தானியத்தின் மாவுச்சத்து எவ்வளவு வேகமாக நொதிக்கிறது, அதே நாளில் மாடு எவ்வளவு நேரம் அசைபோடுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்பது மாடு வளர்ப்பவனாக என் கருத்து.

மாடு தின்பதை முதலில் தின்று தீர்ப்பவை, அதன் இரைப்பையின் மிகப் பெரிய அறையான பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே. அவை தீவனத்தை நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள் வயிற்றுச் சுவர் வழியே இரத்தத்தில் கலந்து, மாட்டுக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதியைத் தருகின்றன. ஆகவே அமிலம் உண்டாவது நோயன்று. அது உண்டாகும் வேகத்துக்கு ஈடுகொடுத்து உறிஞ்சப்படாமலும் நடுநிலையாக்கப்படாமலும் தேங்குவதே நோய். நடுநிலையாக்கும் வேலையைச் செய்வது பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த உமிழ்நீர். வளர்ந்த கறவை மாடு ஒன்று நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் அதைச் சுரக்கிறது. நீளமான வைக்கோலையோ உலர்புல்லையோ மென்று அசைபோடும்போதுதான் அது தாராளமாகச் சுரக்கும். தானியத்தையோ மாடு சற்று நேரத்தில் விழுங்கிவிடுகிறது. பிறகு அசைபோடுவதற்கும் அதில் அதிகம் இல்லை. அமிலத்தைக் கூட்டுகிற தீவனமே அதை அடக்கும் உமிழ்நீரையும் குறைத்துவிடுகிறது என்பதே இந்தத் தொல்லையின் வேர்.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) பெருவயிற்றில் பொதுவாக 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். அது 6-க்குக் கீழே இறங்கினாலே நார்ச்சத்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் தளர்ந்துவிடும் என்பதால், கூடுதல் தானியம் கொடுத்த பிறகு மாடு தின்கிற வைக்கோலிலிருந்து முன்பு கிடைத்த சத்துகூடக் கிடைக்காமல் போகிறது. நாள்தோறும் சில மணி நேரம் 5.6-க்குக் கீழேயே கிடந்தால் அதை மிதமான அமில நோய் என்பார்கள். மாடு படுத்துவிடாது, காய்ச்சலும் பெரும்பாலும் தெரியாது. இன்று நன்றாகத் தின்னும், நாளை முகர்ந்துவிட்டு விலகும், பாலில் கொழுப்பு குறையும். பார்த்தவுடன் தெரியாததால்தான் இது கடுமையான நோயைவிட அதிக நட்டத்தைத் தருகிறது என்று நினைக்கிறேன்.

கடுமையான வடிவம், கட்டு அவிழ்ந்த மாடு தானிய மூட்டையில் வாய் வைத்துவிட்டால் வருவது. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அந்த அமிலம் வழக்கமான அமிலங்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு வலிமையுள்ளது. பிஎச் 5-க்கும் கீழே சரிய, இரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, கண்கள் குழிவிழுந்து மாடு படுத்துவிடும். ஓரிரு நாளில் உயிரே போகலாம் என்பதால், அறிகுறி தெரியும்வரை காத்திராமல், தின்றுவிட்டது என்று தெரிந்தவுடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

பெருவயிற்றின் உட்சுவருக்குச் சளிப் படலம் போன்ற பாதுகாப்பு கிடையாது. அமிலத்தில் அது புண்ணானால் பாக்டீரியாக்கள் அதன் வழியே இரத்தத்தில் நுழைந்து ஈரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகின்றன. தானியத்தால் கொழுக்க வைத்த மாடுகளில் பலவற்றுக்கு இந்தக் கட்டிகள் அறுத்த பின்புதான் தெரியவரும். குளம்பு அழற்சியும் இதோடு தொடர்புள்ளதே.

எல்லாத் தானியமும் ஒன்றல்ல. கோதுமையும் பார்லியும் விரைவாக நொதிக்கின்றன. மக்காச்சோளமும் சோளமும் மெதுவாக. எதுவானாலும் மாவாக அரைத்தால் வேகம் கூடும் என்பதால், ஒன்றிரண்டாக உடைத்துக் கொடுப்பதே மேல். புதிதாகத் தானியம் தொடங்குகிறவர்கள் இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். லாக்டிக் அமிலத்தை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருக அவ்வளவு அவகாசம் தேவை, உறிஞ்சும் சுவர் தயாராக அதற்கும் மேலே ஆகும். சோடா உப்பு கலப்பது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நார்த்தீவனத்தைக் குறைத்துவிட்டு அதை நம்புவதை நான் ஏற்கமாட்டேன். நார்த்தீவனத்தையும் தூளாக நறுக்கிவிட்டால் அசைபோட எதுவும் மிஞ்சாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் நாள்தோறும் பார்ப்பது இரண்டை. தின்று முடித்து ஓய்வாகப் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேற்பட்டவை அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளத்தை ஏறத்தாழ 50 முதல் 70 முறை மென்ற பின்பே விழுங்க வேண்டும். அடுத்தது சாணம். தானியம் மிஞ்சும்போது அது தளர்ந்து, பளபளப்பாகி, சிறு குமிழ்களோடு விழும். சந்தேகம் வந்தால் கைப்பிடிச் சாணத்தைச் சல்லடையில் இட்டு நீர் விட்டு அலசிப் பாருங்கள். உடையாத தானியமும், விரல் நீளத்தில் சவ்வு போன்ற சளித் துண்டுகளும் தங்கினால், மாவுச்சத்து பெருவயிற்றைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய் அங்கேயும் நொதித்துப் புண்ணாக்குகிறது என்று பொருள். அன்றே தானியத்தைக் குறைத்து, மீதியைப் பல வேளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் உலர்தீவனத்தை முதலில் போட்டுவிட்டுத் தானியத்தை அதன் பிறகே கொடுங்கள்.