தயங்குபவரிடம் தரவேண்டிய கோப்பு

அன்புள்ள ஐயா,

நான் ஒரு வங்கிக் கிளையின் மேலாளர். ஒரே ஆண்டில் பணிக்கு வந்த இரண்டு அதிகாரிகள் என்னிடம் இருக்கிறார்கள். விதிமுறைகளை இருவருமே நன்கறிந்தவர்கள். ஒருவர் தொழிற்கடன் விண்ணப்பங்களைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்கிறார். மற்றவர் "எனக்கு இது சரிவராது சார்" என்று நகைக்கடனோடு நின்றுவிடுகிறார். எவ்வளவு பாராட்டியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

திறன் வேறு, அத்திறனைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு வேலையை முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை வேறு என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் தெளிவாக வகுத்துக் காட்டினார். எந்த வேலையை ஏற்பது, தடை வந்தால் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பது என்பதையெல்லாம் பெரிதும் அந்த நம்பிக்கையே தீர்மானிக்கிறது. அது வேலைக்கு வேலை மாறுவது. நகைக்கடனில் உங்கள் அதிகாரி தயங்குவதில்லையே.

தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடலின் பதற்றத்தைத் தான் புரிந்துகொள்ளும் விதம் என்று அந்நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளை பண்டூரா சொன்னார். இவற்றில் வலுவானது முதலாவது. நீங்கள் நம்பியிருப்பதோ மூன்றாவதை மட்டும். பாம்புக்கு அஞ்சியவர்களுக்கு அவர் அளித்த சிகிச்சையில் அறிவுரை முதன்மையாக இருக்கவில்லை. வேறொருவர் பாம்பைக் கையாள்வதை முதலில் பார்க்கச் செய்து, பிறகு துணைக்கு ஆள் நின்று படிப்படியாகத் தொடவும் பிடிக்கவும் வைத்து, அந்தத் துணையைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொண்டார்கள்.

ஆகவே, அடுத்த தொழிற்கடன் கோப்பை அவருடைய சக அதிகாரி பரிசீலிக்கும்போது இவரையும் உடன் அமர்த்துங்கள். உங்களைவிட, தம்மோடு பணிக்கு வந்தவர் செய்வதைக் காண்பதே இவருக்குப் பலன் தரும். அதன்பின் சிறிய தொகைக்கான விண்ணப்பம் ஒன்றை, நேரில் சென்று தொழிலைப் பார்ப்பது முதல் பரிந்துரைக் குறிப்பு எழுதுவது வரை, முழுவதுமாக இவரிடமே ஒப்படையுங்கள். வட்டார அலுவலகம் கேள்வி எழுப்பிக் கோப்பைத் திருப்பி அனுப்பினால், தயவுசெய்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் வாங்கிவிடாதீர்கள். அன்பினால் சொல்லப்பட்டாலும், இந்த வேலை உன்னால் ஆகாது என்றே அச்சொல் கேட்பவர் காதில் விழும்.

துணிந்து வாங்கிக்கொள்பவரின் கோப்புகளையும் கவனமாகப் படியுங்கள். உளவியலாளர் ஜெஃப்ரி வான்கூவரும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நம்பிக்கை மிகும்போது தர்க்கப் பிழைகளும் கூடக்கூடும் என்று கண்டிருக்கிறார்கள்.

தயங்குபவரிடம் தனியாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: முன்பிருந்த கிளையில் அவர் பார்த்துக்கொண்டிருந்த கோப்பை எவரேனும் பாதியில் வாங்கிக்கொண்டார்களா?