கன்று ஈன்ற மாட்டுக்கு மடிநோய் ஏன் காம்பு மாறி மாறி வருகிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர். மூன்றாவது ஈத்து கலப்பினப் பசு, கன்று ஈன்று 18 நாள் ஆகிறது. முதல் வாரத்திலேயே பின்காம்பு ஒன்றில் மடிநோய் வந்தது, மருந்து ஏற்றியதும் சரியானது. இப்போது முன்காம்பு வீங்கி, பால் திரிதிரியாக வருகிறது. வற்றுக்காலத்தில் நன்றாகக் கொழுத்திருந்த மாடு இப்போது நாளுக்கு நாள் இளைக்கிறது. வைக்கோல் தின்கிறது, அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. அதே கொட்டகை, அதே கறவை, பக்கத்தில் நிற்கிற மாட்டுக்கு ஒன்றும் இல்லை. எதிர்ப்புச் சக்தி கூட ஏதாவது ஊசி போடலாமா?

பதில்: வணக்கம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது மடி இல்லை, அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகுகிறது என்ற அந்த ஒரு வரிதான். கன்று ஈன்ற இரண்டு மூன்று வாரத்தில் ஒரு மாடு வைக்கோலைத் தின்றுகொண்டு அடர்தீவனத்தை ஒதுக்கினால், அதுவும் கொழுத்திருந்து சட்டென்று இளைக்கிற மாடாக இருந்தால், முதலில் கீட்டோசிஸைத்தான், அதாவது உடல் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைந்து ரத்தத்தில் கீட்டோன் என்கிற பொருள் ஏறுகிற நோயைத்தான், சந்தேகப்பட வேண்டும். உங்கள் மாட்டின் மடிநோய் திரும்பத் திரும்ப வருவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கலாம். ஊசியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மாட்டின் உடம்பில் கிருமியை முதலில் எதிர்கொள்வது நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு. மடிக்குள் கிருமி நுழைந்ததும் ரத்தத்திலிருந்து இவை கூட்டமாகப் பாலுக்குள் இறங்கி, கிருமியை விழுங்கி, உள்ளேயே வைத்துக் கொல்லும். இந்த வேலைக்கு எரிபொருள் வேண்டும், அதுவும் எந்த எரிபொருளும் ஆகாது. தசையும் இதயமும் கொழுப்பை எரித்துப் பிழைத்துக்கொள்ளும். நியூட்ரோஃபிலில் கொழுப்பை எரிக்கிற மைட்டோகாண்ட்ரியா என்கிற நுண்ணுறுப்பு மிகக் குறைவு, அதனால் அது பெரும்பாலும் குளுக்கோஸை நம்பித்தான் வாழ்கிறது. விழுங்கிய கிருமியை அழிக்க அது தயாரிக்கிற வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களுக்குத் தேவையான பொருளும் குளுக்கோஸை உடைக்கிற ஒரு பாதையிலிருந்துதான் வருகிறது. எலும்பு மஜ்ஜையில் இந்த அணு முதிரும்போதே கொஞ்சம் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். பாலுக்குள் இறங்கிய பிறகு அங்கே குளுக்கோஸும் குறைவு, ஆக்சிஜனும் குறைவு, கையிருப்பில்தான் சண்டை போட வேண்டும். போதாக்குறைக்குப் பாலில் மிதக்கிற கொழுப்புத் துளிகளையும் கேசீன் என்கிற பால் புரதத்தையும் அது விழுங்கித் தன் சக்தியை வீணாக்கிக்கொள்ளும். கன்று ஈன்ற நாட்களில் இந்தக் கிளைக்கோஜன் இருப்பு இறங்குகிறது, அது மிகவும் குறைந்துபோன மாடுகளுக்குக் கருப்பை நோய் அதிகம் வருகிறது என்று ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் குளுக்கோஸ் எங்கே போகிறது? மடிக்குத்தான். ஒரு கிலோ பால் உருவாக ஏறக்குறைய 72 கிராம் குளுக்கோஸ் செலவாகிறது, 20 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. மாடு தின்கிற மாவுச்சத்து அப்படியே குளுக்கோஸாக ரத்தத்தில் சேர்வதும் இல்லை. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து அமிலங்களாக்கும், அவற்றில் ஒன்றான புரோபியோனேட்டை வைத்துக் கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கும். அடர்தீவனம் தின்னாவிட்டால் புரோபியோனேட் குறையும், குளுக்கோஸும் குறையும். அப்போது உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கிறது. கரைந்த கொழுப்பு கல்லீரலில் வந்து குவிந்து, எரிக்க முடியாத அளவுக்குப் போனதும் கீட்டோன்களாக மாறுகிறது. வற்றுக்காலத்தில் கொழுத்த மாடு கன்று ஈன்ற பிறகு குறைவாகத் தின்னும், அதிகமாகக் கரைக்கும். கொழுப்பு சேர்ந்தால் தாங்கும் என்று நினைத்துத் தீனி போடுகிறோம், நடப்பது நேர்மாறாக இருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வது பாதிதான் சரி. கீட்டோன் மிகுந்த ரத்தத்தில் நியூட்ரோஃபில் கிருமியைக் கொல்வதில் மந்தமாகிறது. ஆனால் கரைந்து ஓடுகிற கொழுப்பு அமிலங்கள் அழற்சியைத் தூண்டிவிடவும் செய்கின்றன. கொல்கிற வேலை தாமதமாகிறது, அதற்குள் கிருமி பெருகிவிடுகிறது, பிறகு வீக்கமும் காய்ச்சலும் அளவுக்கு மீறி வருகிறது. மேக்ரோஃபேஜ் என்கிற மற்றொரு வகை அணுவையும் பாருங்கள்: சண்டைக்குக் கிளம்பும்போது குளுக்கோஸை வேகவேகமாக உடைக்கும், சண்டை முடிந்து திசுவைச் சரிசெய்கிற கட்டத்தில் கொழுப்பை எரிக்க மாறிக்கொள்ளும். ஆக எந்த எரிபொருளை எரிக்கிறது என்பதோடு சேர்ந்தே அணுவின் குணமும் மாறுகிறது.

நோய் வந்துவிட்டால் செலவு இன்னும் ஏறும். கறவைப் பசுக்களுக்குக் கிருமியின் நச்சைக் கொடுத்து எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டி அளந்து பார்த்ததில், 12 மணி நேரத்துக்குள் ஒரு கிலோவுக்கு மேல் குளுக்கோஸை அது எடுத்துக்கொண்டது, 2017-இல் வெளியான கணக்கு இது. மடிநோயில் பால் இறங்குவதற்கு மடித் திசு கெடுவது ஒரு காரணம் என்றால், உடம்பு குளுக்கோஸை அணுக்களின் பக்கம் திருப்பிவிடுவது இன்னொரு காரணம். அதனால் காய்ச்சல் அடிக்கிற மாட்டின் பால் இறங்குகிறதே என்று பதறி, தீவனத்தை ஒரேயடியாக ஏற்றாதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முன்காம்புக்கு மருந்து போடும் முன்பே அந்தக் காம்பின் பாலைச் சுத்தமான குப்பியில் பிடித்து எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கக் கொடுத்துவிடுங்கள். ஆன்டிபயாட்டிக்கை உங்கள் கால்நடை மருத்துவர் சொன்ன நாள் வரை முழுதாகப் போடுங்கள், எரிபொருளைச் சரிசெய்வது அதற்கு மாற்று ஆகாது. நான்கு காம்பையும் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையில் பாருங்கள். தட்டில் கொஞ்சம் பால், அதே அளவு கரைசல், மெதுவாகச் சுழற்றினால் நோயுள்ள காம்பின் பால் கெட்டிப்பட்டு வழவழவென்று கூழாக இழுபடும். அப்படி இழுபடுவது உடைந்த வெள்ளை அணுக்களின் டிஎன்ஏ. தட்டில் கூழ் கெட்டியாக இருந்தால் அணுக்கள் வந்து சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம், வந்தவை வேலை செய்கின்றனவா என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

அதை ஊகிக்க கீட்டோனைப் பார்க்க வேண்டும். கையடக்கக் கருவியில் ஒரு துளி ரத்தம் போதும். ரத்தத்தில் இருக்கிற முக்கியமான கீட்டோனான பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் லிட்டருக்கு 1.2 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் வெளியே தெரியாத கீட்டோசிஸ், 3-ஐ ஒட்டிப் போனால் பெரும்பாலும் அறிகுறியே தெரியும். கருவி இல்லையென்றால் சிறுநீர்ப் பட்டையில் பாருங்கள். மாட்டின் மூச்சில் இனித்த மாதிரி அசிட்டோன் வாடை அடித்தாலும் சொல்லுங்கள், ஆனால் எல்லார் மூக்குக்கும் அது பிடிபடாது, வாடை இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

கீட்டோன் ஏறியிருந்தால் வழக்கமாகக் கொடுப்பது புரோபிலீன் கிளைக்கால், நாளுக்கு ஒரு தடவை 300 மில்லி, மூன்று முதல் ஐந்து நாள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. தலையை அண்ணாந்து பிடிக்காமல் நிதானமாக ஊற்றுங்கள், நுரையீரலுக்குள் போனால் வேறு வினை. சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவதில் பயனில்லை, அது முதல் இரைப்பையிலேயே புளித்துப்போகும், அளவு கூடினால் அமில நோயில் கொண்டுபோய் விடும். நரம்பில் ஏற்றுகிற டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) மோசமான நிலையில் உதவும், ஆனால் அதன் பலன் சில மணி நேரம்தான், தீனி எடுக்கவைக்காமல் அதை மட்டும் நம்ப முடியாது. அடர்தீவனத்தை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் நல்ல பசுந்தீவனத்துக்குப் பிறகு வையுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு அரை கிலோ என்ற கணக்கில் ஏற்றுங்கள். தண்ணீர் எந்நேரமும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கால்சியத்தையும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தால் வெள்ளை அணுவுக்குள் போகிற சமிக்ஞையே மங்கிவிடும்.

பக்கத்து மாட்டுக்கு ஏன் வரவில்லை என்றால், கிருமி இரண்டுக்கும் ஒரே கையால் போயிருக்கலாம், அந்த மாட்டின் அணுக்களுக்குக் கையிருப்பு இருந்திருக்கலாம். இருந்தாலும் நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள், கறந்ததும் காம்பை மருந்துக் கரைசலில் முக்கி எடுங்கள், காம்புத் துளை மூடுகிறவரை அரை மணி நேரத்துக்கு மேல் படுக்காமல் இருக்கப் புதுத் தீவனம் போட்டு நிற்கவையுங்கள்.

நீங்கள் கேட்ட எதிர்ப்புச் சக்தி ஊசியை இப்போது நான் போட மாட்டேன். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும், குளுக்கோஸ் இல்லாத உடம்பில் அவை எதை எரித்து வேலை செய்யும்? பணத்தை கீட்டோன் சோதனைக்கும் தீவனத்துக்கும் செலவிடுங்கள். கீட்டோன் அளவு, காய்ச்சல், நான்கு காம்பின் சோதனை முடிவு மூன்றையும் எழுதுங்கள். அடுத்த ஈத்துக்குக் கொழுப்பு ஏற்றாமல் எப்படி வற்றவைப்பது என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம், மாட்டின் கொழுப்பை 1 முதல் 5 வரை அளக்கிற உடல்நிலை மதிப்பெண் 3-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும், விலா எலும்பைக் கையால் அழுத்தினால் தட்டுப்பட வேண்டும்.