பொறுத்திரு என்று சொல்லும் தோழி

கேள்வி: அமெரிக்காவில் முதுகலை படிக்கிறேன். என் நெருங்கிய தோழி வெள்ளையினத்தவர். என் நிறத்தையும் உச்சரிப்பையும் வைத்து வகுப்பில் சிலர் செய்யும் கேலியைச் சொன்னால், "எல்லாம் மாறி வருகிறது, அவசரப்படாதே" என்கிறார். துறைத் தலைவரிடம் புகார் கொடுப்பதையும் விரும்பவில்லை. இந்த நட்பைத் தொடரலாமா?

பதில்: அன்புச் சகோதரி, ஏறக்குறைய இதே அறிவுரையை 1938-ஆம் ஆண்டில் பாலி மரே என்ற 28 வயதுக் கறுப்பினப் பெண், அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டிடமிருந்து கடிதமாகவே பெற்றார். வடக்குக் கரோலினா பல்கலைக்கழகத்தை முற்போக்கானது என்று அதிபர் மேடையில் புகழ்ந்திருந்தார். கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளாத இடத்துக்கு அந்தப் புகழ் எப்படிப் பொருந்தும் என்று கேட்டு அதிபருக்கு எழுதிய மரே, அதன் நகலை எலினோருக்கும் அனுப்பினார். (அதே பல்கலைக்கழகம் அவருடைய விண்ணப்பத்தையும் இனத்தைக் காரணம் காட்டி நிராகரித்தது.) இனப் பாகுபாடு நிலவிய அமெரிக்கத் தென் மாநிலங்கள் மாறி வருகின்றன, மிக வேகமாக நெருக்க வேண்டாம் என்பதே எலினோரின் பதில். மரே அந்த அறிவுரையை ஏற்கவும் இல்லை, அவருக்கு எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

அவர்களை நெருங்கச் செய்தது ஒரு தோல்வி. விளைச்சல் பங்குத் தகராறில், தமக்கு நிலம் விட்டிருந்த வெள்ளையினத்தவரைச் சுட்டுக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற ஓடெல் வாலர் என்ற, விளைச்சலில் பங்குக்குப் பயிரிடும் கறுப்பின விவசாயியைக் காப்பாற்ற மரே ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். வாக்களிப்பதற்காகக் கட்ட வேண்டிய வரியைச் செலுத்த இயலாத ஏழைகளுக்கு, வழக்கில் தீர்ப்புச் சொல்லும் நடுவர் குழுவில் இடமில்லாமல் போனது என்பது மேல்முறையீட்டின் முக்கிய வாதம். எலினோர் தம் கணவரிடமே மன்றாடியும் பயனில்லாமல், 1942 ஜூலை 2 அன்று வாலருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன் பிறகு அதிபரின் போக்கைச் சாடி மரே எழுதிய கடிதத்துக்கு எலினோர் கோபமாகவே பதிலளித்தார், ஆனால் நேரில் பேசலாம் என்று அழைக்கவும் செய்தார். ஒருவர் கையில் வெள்ளை மாளிகையின் தொலைபேசி, மற்றவர் கையில் தட்டச்சுப் பொறி. அதைச் சமமான நட்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆயினும் அது வீணாகவில்லை. 1961-இல் அதிபர் கென்னடி அமைத்த பெண்கள் நிலை குறித்த ஆணையத்துக்கு எலினோர் தலைமை தாங்கினார். அதன் துணைக்குழுவொன்றில் இடம்பெற்ற மரே, அதற்குள் சட்ட வல்லுநராகியிருந்தார். சட்டத்தின் முன் அனைவருக்கும் சமமான பாதுகாப்பு தரும், அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தத்தைப் பாலினப் பாகுபாட்டுக்கு எதிராகவும் பயன்படுத்தலாம் என்று அங்கே எழுதிக் கொடுத்தார். 1971-இல் உச்ச நீதிமன்றம் முதன்முறையாக அந்த வழியில் ஒரு சட்டத்தைச் செல்லாததாக்கியபோது, அவ்வழக்கின் வாதுரையில் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான வழக்கறிஞர் ரூத் பேடர் கின்ஸ்பர்க் மரேயின் பெயரையும் சேர்த்திருந்தார்.

ஆகவே, ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துத் தங்கள் தோழியை எடைபோட வேண்டாம். அந்த அறிவுரை தங்களை எவ்வளவு காயப்படுத்துகிறது என்பதை மழுப்பாமல் எழுதிக் கொடுங்கள். அதைப் படித்து அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை, படிக்கவே மறுத்தால்தான் கவலைப்பட வேண்டும். புகார் கொடுப்பதை அவருடைய சம்மதத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். கேலியை அவர் நேரில் கண்டிருந்தால், அவரும் அதில் கையொப்பமிடுவாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.